விண்மீன்களின் எரிபொருளைக் கண்டவர்

சூரியனும் பூமியும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைந்த தனிமங்களால் ஆனவை என்றே 1920-களின் தொடக்கத்தில் வானியலாளர்கள் நம்பினர். அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் சிசிலியா பெய்ன்.

1900-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் பயின்றார். பெண்கள் அங்கு படிக்கலாம். ஆனால், பட்டம் பெற முடியாது என்பது அன்றைய நிலை. 1923-இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டு வானாய்வகத்தில் சேர்ந்தார். அங்கு சேகரிக்கப்பட்டிருந்த விண்மீன்களின் நிறமாலைப் படங்களை, இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹாவின் அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டு ஆராய்ந்தார். விண்மீன்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜனே என்பது புலப்பட்டது.

மூத்த வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இதை ஏற்கவில்லை. அதனால், 1925-இல் வெளியான ஆய்வேட்டில், தமது முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்ன் தாமே எழுத நேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸலே வேறொரு வழியில் அதே முடிவை எட்டினார்.

மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்வரை விண்மீன் நிலையாக ஒளிர்கிறது. அது தீர்ந்ததும் முதுமை தொடங்குகிறது. இன்றைய இந்த விளக்கத்துக்கு அடித்தளம் பெய்னின் கண்டுபிடிப்பு.

ஹார்வர்டில் 1956-இல்தான் அவர் பேராசிரியரானார், 1979-இல் மறைந்தார். சான்றைவிட நிலவும் கருத்துக்கு மதிப்புக் கூடினால் அறிவியல் எதை இழக்கும் என்பதற்கு அந்த நான்கு ஆண்டுகளே சாட்சி.