தங்கைக்காக ஒரு மருத்துவமனை

சென்ற தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. ஜொகூரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த அப்பாவோடு தேக்காவில் பசியாறிக்கொண்டிருந்தேன். தோசையைப் பிட்டபடியே, தமக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்றார். தாத்தாவும் அதில்தான் இறந்தாராம். எங்களுக்கோ முதுமை என்றுதான் சொல்லியிருந்தார்கள். சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டார். சித்தப்பா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். குடும்பத்தில் இந்த நோய் என்றால் சம்பந்தம் தட்டிப்போகுமாம்.

அன்றிரவு விடுதி அறையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நினைவு வந்தது. தமிழ்ப்பள்ளியில் எங்கள் ஆசிரியை அவர் கதையைச் சொல்லியிருக்கிறார். இம்முறை தேடிப் படித்தேன்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். எதிர்ப்புக்கு நடுவே, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் மருத்துவரானார்.

1923இல் தங்கை சுந்தராம்பாள் இளவயதிலேயே மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அக்கா மருத்துவர், இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. 1925இல் லண்டன் சென்று, இன்று ராயல் மார்ஸ்டன் எனப்படும் புற்றுநோய் மருத்துவமனையில் பயின்றார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1935இல், தாம் படித்த மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று கேட்டார். அரசு தயங்கியது. மாதர் சங்கத்தின் வழி நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1968இல் முத்துலட்சுமி மறைந்தார்.

இன்று நமக்கு ஒன்று தெரியும். பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை, சில வரும். 1995இல் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ2 என்ற மரபணு, உடைந்த டிஎன்ஏவைச் செப்பனிட உதவுவது. அதில் பிறவிக் குறை இருந்தால் ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோயும், பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களும் வரும் ஆபத்து கூடுகிறது. குறையுள்ள தந்தையிடமிருந்தும் அது வரலாம். மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்கூட்டியே தெரிந்தால் இளவயதிலேயே பரிசோதனையைத் தொடங்கலாம். இங்கே தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே மரபணு ஆலோசனை உண்டு.

அப்படியானால், யாருடைய திருமணத்துக்காக இதை மறைக்கிறோமோ, அந்தத் தங்கைக்கே இது தெரிய வேண்டும். அப்பாவிடம் முத்துலட்சுமியின் கதையைச் சொன்னேன். ஒரு வாரம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே சித்தப்பாவைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் அப்பாவுக்கு மரபணுப் பரிசோதனை. அதில் குறை தெரிந்தால் அடுத்தது என் முறை, பயமாகத்தான் இருக்கிறது.

நண்பர்களே, இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: தாத்தா எந்த நோயால் இறந்தார்?