ஆசையோடு வந்தாள் ரசிகை. இருண்டு போனது நடிகையின் வாழ்வு
ஹாலிவுட் அழகி ஜீன் டியர்னியின் கண்ணீர்க் கதை

ஹாலிவுட் நடிகை ஜீன் டியர்னிக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரே ஒரு ரசிகையை மட்டும் அவரால் கடைசி வரை மறக்க முடியவில்லை.

அவள் அமெரிக்க மரீன் படையில், பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவள். கெட்டவள் அல்ல. டியர்னி என்றால் அவளுக்கு உயிர். அந்த ஆசைதான் வினையாக முடிந்தது.

வசதியான வீட்டுப் பெண்

டியர்னி பிறந்தது 1920-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி. ஊர் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின். அப்பா இன்சூரன்சு தொழில் செய்தவர். பணத்துக்குக் குறைவில்லை. மகளை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

1938-ல் குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்குச் சுற்றுலா போனார்கள். வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவை வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், டைரக்டர் அனடோல் லிட்வாக் கண்ணில் இந்தப் பெண் பட்டாள். சினிமாவில் இருக்க வேண்டிய முகம் இது என்று அவர் சொல்லிவிட்டார். அப்போது டியர்னிக்கு வயது 17.

கம்பெனி ஒப்பந்தம் போடத் தயாராக இருந்தது. சம்பளம் போதாது என்று பெற்றோர் வேண்டாம் என்றார்கள். ஆனால் பெண்ணுக்கு ஆசை போகவில்லை. நடிக்கத்தான் வேண்டும் என்றால் நாடகத்தில் நடி என்று அப்பா இறங்கி வந்தார்.

முதல் நாடகத்தில் என்ன வேலை தெரியுமா? ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேடையில் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். அவ்வளவுதான். இத்தனை அழகான தண்ணீர்க்காரியை நான் பார்த்ததே இல்லை என்று ஒரு விமர்சகர் கிண்டலாக எழுதினார்.

1940-ல் 'தி மேல் அனிமல்' என்ற நாடகம் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதைப் பார்த்த டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் பட அதிபர் டேரில் ஜானக், இந்தப் பெண்ணை உடனே பிடியுங்கள் என்று தன் ஆளிடம் சொன்னார். அன்று இரவே ஒரு நடன விடுதியில் வேறொரு அழகியைப் பார்த்தாராம். நாடகக்காரியை விடு, இவளைப் பிடி என்றாராம். விசாரித்தால், இரண்டும் ஒரே பெண்!

குரலுக்காகப் பிடித்த சிகரெட்

முதல் படம் 1940-ல் வந்தது. 'தி ரிட்டர்ன் ஆப் பிராங்க் ஜேம்ஸ்'. ஹென்றி போண்டா ஜோடி.

திரையில் தன் குரலைக் கேட்டதும் டியர்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்ட்டூன் படத்து மின்னி எலி கோபத்தில் கீச்சிடுவது போல இருந்தது. சிகரெட் பிடித்தால் குரல் கனக்கும் என்றார்கள். பிடிக்க ஆரம்பித்தார். குரல் கனத்தது. சிகரெட் மட்டும் அவரை விடவில்லை.

1941 ஜூனில் ஓலெக் கசினியைக் கல்யாணம் செய்துகொண்டார். கசினி, பாரிசில் பிறந்தவர். நடிகைகளுக்கு உடை வடிவமைப்பவர். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. இருவரும் லாஸ் வேகாசுக்கு ஓடிப் போய் மணம் முடித்தார்கள்.

அதன் பிறகுதான் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. மகளின் சம்பளத்தைப் பார்த்துக்கொள்ள அப்பா ஒரு கம்பெனி வைத்திருந்தார். அந்தப் பணம் முழுக்கக் கரைந்து போயிருந்தது. பெற்ற அப்பா மீது வைத்திருந்த மதிப்பும் அதோடு போயிற்று.

அந்த ஒரு ராத்திரி

அப்போது இரண்டாம் உலகப் போர். போருக்குப் போகும் சிப்பாய்களுக்காக ஹாலிவுட்டில் ஒரு கேன்டீன் நடந்தது. சாப்பாடு இலவசம். பரிமாறுவது யார்? பெரிய பெரிய நட்சத்திரங்கள். சிப்பாய்களோடு பேசுவார்கள், ஆடுவார்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

1943-ல் டியர்னி கர்ப்பமாக இருந்தார். கசினி ராணுவத்தில் சேர்ந்திருந்தார். கணவர் இருக்கும் ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பு, ஒரே ஒரு ராத்திரி அந்தக் கேன்டீனுக்குப் போய் வந்தார்.

சில நாட்களில் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஜெர்மன் அம்மை என்றார் டாக்டர். ருபெல்லா என்பதும் அதுதான். பெரியவர்களுக்கு இது பெரிய நோய் அல்ல. ஒரு வாரத்தில் எழுந்து நடமாடலாம். டியர்னியும் எழுந்துவிட்டார். அதை மறந்தும் போனார்.

அக்டோபர் 15-ந் தேதி வாஷிங்டன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குறைப் பிரசவம். எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. உடம்பில் உள்ள ரத்தத்தை முழுதாக மாற்ற வேண்டி வந்தது.

நாளாக ஆகத்தான் விவரம் தெரிந்தது. குழந்தைக்குக் காது கேட்கவில்லை. கண்ணில் பிறவிப் புரை. பார்வை சரியாக இல்லை. மூளை வளர்ச்சியும் இல்லை.

டாக்டர்களுக்கே புதிய செய்தி

காரணம் என்ன என்பது அமெரிக்காவில் பல டாக்டர்களுக்கே அப்போது தெரியாது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கண் டாக்டர் நார்மன் கிரெக் 1941-ல்தான் இதைக் கண்டுபிடித்திருந்தார். கண் புரையோடு பிறந்த குழந்தைகள் அவரிடம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. தாய்மார்களை விசாரித்தார். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஜெர்மன் அம்மை வந்ததாகப் பலரும் சொன்னார்கள். தாய்க்கு வரும் அம்மை, வயிற்றில் இருக்கும் சிசுவின் கண், காது, இருதயம், மூளையைத் தாக்குகிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் டியர்னி தன் குழந்தையின் கதியைப் புரிந்துகொண்டார். அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது 1969-ல். 26 வருடம் தாமதம்!

டியர்னி விடவில்லை. டாக்டர், டாக்டராக ஏறி இறங்கினார். அவர் மீது ஒரு காலத்தில் ஆசைப்பட்ட கோடீசுவரர் ஹாவர்டு ஹியூஸ், பெரிய டாக்டர்களை ஏற்பாடு செய்து செலவை ஏற்றுக்கொண்டார். ஒன்றும் பலிக்கவில்லை. சில வருடம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள்.

ரசிகை வந்தாள்

குழந்தை பிறந்து ஒரு வருடம் இருக்கும். லாஸ் ஏஞ்சல்சில் ஒரு டென்னிஸ் விருந்துக்கு டியர்னி போயிருந்தார். ஒரு பெண் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தாள். நாம் முன்பே சந்தித்திருக்கிறோம், ஹாலிவுட் கேன்டீனில் என்று ஞாபகப்படுத்தினாள்.

பிறகு, அந்த ராத்திரிக்குப் பின் உங்களுக்கு ஜெர்மன் அம்மை வந்ததா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

அவளே விவரத்தையும் சொன்னாள். அப்போது அவள் முகாமில் எல்லோருக்கும் ஜெர்மன் அம்மை. யாரும் வெளியே போகக் கூடாது என்று தடை. அவளுக்கும் அம்மை. ஆனால் டியர்னி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. தடையை மீறி வெளியே வந்துவிட்டாள். எல்லா நடிகைகளிலும் உங்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று பெருமையாகச் சொன்னாள்.

டியர்னிக்கு வாய் அடைத்துப் போயிற்று. குழந்தையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திரும்பி நடந்துவிட்டார்.

அதன் பிறகு, யாருக்காவது பிடித்த நடிகையாக இருக்க வேண்டும் என்ற ஆசையே தனக்குப் போய்விட்டது என்று பின்னாளில் எழுதினார்.

புகழின் உச்சி

வேடிக்கை என்னவென்றால், புகழ் கொட்டியது அந்த வருடங்களில்தான்.

1944-ல் 'லாரா' வந்தது. டைரக்டர் ஓட்டோ பிரமிஞ்சர். செத்துப்போனதாக நினைத்த ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்துப் பார்த்தே துப்பறியும் அதிகாரி காதல் கொள்ளும் கதை. சுவரில் மாட்டிய அந்தப் படம் ஓவியம் அல்ல. டியர்னியின் போட்டோவைப் பெரிதாக்கி மேலே வண்ணம் பூசியது.

1945-ல் 'லீவ் ஹெர் டு ஹெவன்'. பொறாமை பிடித்த மனைவி வேடம். கணவனின் ஊனமுற்ற தம்பி ஏரியில் மூழ்கும்போது படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வயிற்றில் இருக்கும் குழந்தை வேண்டாம் என்று மாடிப்படியில் இருந்து தானே விழுவாள். அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய் இந்த வேடத்தில் நடித்தார்! படம் வசூலில் சக்கைப்போடு போட்டது. ஆஸ்கார் பரிசுக்கு டியர்னி பெயர் போயிற்று. பரிசு ஜோன் கிராபோர்டுக்குக் கிடைத்தது.

கென்னடியும் இளவரசரும்

1946-ல் படப்பிடிப்பில் கடற்படை உடையில் ஒரு வாலிபர் வந்து நின்றார். அவர்தான் ஜான் கென்னடி. கசினியைப் பிரிந்திருந்த நேரம் அது. காதல் ஏறக்குறைய ஒரு வருடம் நடந்தது. கென்னடி கத்தோலிக்கர், அரசியலில் மேலே வர நினைத்தவர். உன்னைக் கல்யாணம் செய்ய முடியாது என்று ஒருநாள் சொல்லிவிட்டார். 1960-ல் அவர் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தபோது டியர்னி வாழ்த்து அனுப்பினார். கென்னடியின் மனைவி ஜாக்குலினுக்கு வெள்ளை மாளிகையில் உடை வடிவமைத்தது யார்? டியர்னியின் பழைய கணவர் கசினி!

கசினியோடு மறுபடி சேர்ந்து 1948-ல் இன்னொரு மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. 1952-ல் விவாகரத்து. பிறகு ஆகாகானின் மகன், இளவரசர் அலிகானோடு காதல். ஆகாகான் சம்மதிக்கவில்லை. அதுவும் முறிந்தது.

வசனம் மறந்தது

மனசுக்குள் அடக்கி வைத்தது எல்லாம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. 1955-ல் 'தி லெப்ட் ஹேண்ட் ஆப் காட்' படப்பிடிப்பில் டியர்னிக்கு வசனம் நிற்கவில்லை. கூட நடித்த ஹம்பிரி போகார்ட்டுக்கு உடனே புரிந்தது. அவர் சகோதரிக்கும் மனநோய் இருந்தது. வசனத்தை மெதுவாக எடுத்துக் கொடுத்தே படத்தை முடிக்க வைத்தார். டாக்டரிடம் போ என்று சொன்னதும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் 27 தடவை மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். வாழ்க்கையில் பல பகுதிகள் ஞாபகத்தில் இருந்தே அழிந்தன. ஒருமுறை தப்பி ஓடினார். பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தச் சிகிச்சையைப் பிற்காலத்தில் கடுமையாகக் கண்டித்தார்.

1957 டிசம்பரில் நியூயார்க்கே பதறியது. தாயார் வீட்டு 14-வது மாடி ஜன்னலுக்கு வெளியே, குறுகலான விளிம்பில் டியர்னி நின்றார். சுமார் 20 நிமிடம். பிறகு தானாகவே உள்ளே வந்துவிட்டார்.

கேன்சாஸ் மாநிலம் டொபீகாவில் உள்ள மென்னிஞ்சர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே மின்சாரம் கொடுக்கவில்லை. உட்கார வைத்துப் பேசினார்கள். சிகிச்சையின் ஒரு பகுதியாக, அந்த ஊர்த் துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார். பில் போட்டார், துணி மடித்தார். துணி வாங்க வந்த ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டாள். மறுநாள் பத்திரிகை எல்லாம் அதுதான் சேதி. டியர்னி வெட்கப்படவில்லை. மனநோய் என்றாலே மூடி மறைத்த காலத்தில், ஆமாம், எனக்கு இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

1960-ல் டெக்சாஸ் எண்ணெய் அதிபர் ஹாவர்டு லீயை மணந்தார். லீ, நடிகை ஹெடி லமாரின் முன்னாள் கணவர். ஹூஸ்டனில் அமைதியாகக் குடித்தனம் நடந்தது. பழைய டைரக்டர் பிரமிஞ்சர் கூப்பிட்டு 1962-ல் ஒரு படம் கொடுத்தார். இன்னும் இரண்டொரு படம். அதோடு சினிமா போதும் என்று விட்டுவிட்டார்.

அதே 1962-ல் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்று வெளிவந்தது. ஒரு நடிகை, ஒரு ரசிகை, ஒரு அம்மை. டியர்னியின் கதையைப் படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நாவலில் நடிகை பழி வாங்குகிறாள். டியர்னி 1979-ல் சுயசரிதை எழுதினார். அதில் அந்த ரசிகையைச் சபிக்கக்கூட இல்லை.

1981-ல் லீ இறந்தார். குரலுக்காகப் பிடித்த சிகரெட் டியர்னியின் நுரையீரலைத் தின்றுவிட்டது. 1991-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி ஹூஸ்டனில் இறந்தார். 71-வது பிறந்த நாளுக்கு இன்னும் 13 நாள் இருந்தது.

மூத்த மகள் தாய்க்குப் பிறகும் ஏறக்குறைய 19 வருடம் உயிரோடு இருந்தாள். 2010 செப்டம்பரில் இறந்தாள். வயது 66.