பெறாது பெற்ற தாய்: ஏமி கார்மைக்கேல் அம்மையார்

திருவொற்றியூர்க் கடற்கரையிலுள்ள பட்டினத்தடிகளின் சமாதிக் கோயிலை நம் மாணவருள் பலரும் கண்டிருப்பர். மகப்பேறின்றி வருந்திய அவ்வணிகப் பெருமகனார், திருவிடைமருதூரில் மருதவாணர் என்னும் குழந்தையைத் தம் மகவாக ஏற்று வளர்த்தாரென்பதும், அம்மகன் விட்டுச் சென்ற காதற்ற ஊசியே அவரைத் துறவியாக்கிற்றென்பதும் தமிழகமெங்கும் வழங்கும் வரலாறு. அவருக்கு மனைவியார் இருந்தனர். செல்வமும் சுற்றமும் இருந்தன. ஆதலின் பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக அவர் கொண்டதைக் குறை கூறினார் எவருமிலர். மணம் புரியாது தனித்து நிற்கும் பெண்ணொருத்தி அங்ஙனம் ஒரு குழந்தையைத் தன்னதாக்க விரும்பின் ஊரும் உறவும் சட்டமும் யாது செய்யும்? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவ்வம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ஆம் நாள், அயர்லாந்தின் வட பாகத்தில் மில்லிஸில் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தனர். உடன்பிறந்தார் எழுவருள் இவரே மூத்தவர். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர். 1885-ஆம் ஆண்டில் காலமானார். அதன் பின்னர் அம்மையார் பெல்பாஸ்ட் நகரத்து நூற்பாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடையே தொண்டாற்றினர். அந்நாளில் மனைவியையும் மகளையும் இழந்திருந்த ராபர்ட் வில்சன் என்னும் முதியவர் இவரைத் தம் மகளாகப் பாவித்துத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். இவரும் அவர் பெயரைத் தம் பெயரோடு இணைத்து வழங்கினர். பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக்கும் அன்பின் இயல்பை, தாயாகுமுன் மகளாயிருந்தே இவர் கற்றனரென்று நாம் கருதுகின்றோம்.

1893-ஆம் ஆண்டில் ஜப்பான் சென்றபோது இவருக்கு அகவை இருபத்தைந்து. அரிமா என்னுமிடத்து மலைக்குகை ஒன்றில் ஒரு நாள் தனித்திருந்து, மணமில்லா வாழ்வின் தனிமையைக் குறித்து அஞ்சியதாகவும், தனிமை தம்மை மேற்கொள்ளாதென்ற உறுதியோடு அங்கிருந்து மீண்டதாகவும் பிற்காலத்தில் தெரிவித்தனர். அவ்வுறுதி எவ்வுருவில் நிறைவேறுமென்பதை அன்று அவர் அறியார். 1895-ஆம் ஆண்டில் இந்தியா அடைந்து, பெங்களூரில் சில காலம் தங்கியபின் திருநெல்வேலிச் சீமை சேர்ந்தார். அங்கே தாமஸ் வாக்கர் என்பாரிடம் தமிழ் பயின்று, சேலையுடுத்து, பெண்கள் சிலரோடு ஊர் ஊராய்ச் சென்று சமயப் பணி புரிந்தனர்.

1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்வாழ்வு திசை மாறிற்று. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பெருங்குளத்துக் கோயில் மாதர் இல்லத்தினின்றும் தப்பிப் பண்ணைவிளை வந்து சேர்ந்தாள். கோயிலுக்கு ஒப்புவிக்கப்பட்ட அக்குழந்தை முன்னரும் ஒருமுறை தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடம் ஓடியவள். தாயோ தெய்வ குற்றத்திற்கு அஞ்சித் திரும்பக் கொடுத்துவிட்டாள். ஓடியதற்குத் தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு இடப்பட்டது. அத்தழும்புகளோடு வந்தவள் அம்மையாரின் மடியிலேறி அமர்ந்து, அவரைத் தாயென்றே கொண்டாள். அப்போது அம்மையாருக்கு வயது முப்பத்துமூன்று.

அவ்வாண்டிலேயே தோனாவூர் அவர்தம் இருப்பிடமாயிற்று. குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். 1904-ஆம் ஆண்டில் முதற் கைக்குழந்தை வந்தது. பிள்ளை தாயின் காலைக் கட்டிவிடுமென்பது நம் நாட்டுப் பழமொழி. அஃது இவருக்கும் பலித்தது. கிராமப் பயணங்கள் நின்றன. பால் காய்ச்சலும் தொட்டிலாட்டலும் சமய ஊழியராகுமோ என்று உடனுழைப்பாரிற் சிலரே குறை கூறினர். சீடரின் கால்களைக் கழுவிய தம் ஆண்டவரை நினைந்து அம்மையார் அதனைப் பொறுத்தனர். தாய்ப்பாலுக்கு வழியின்மையால் கைக்குழந்தைகள் சிலர் இறந்தனர். அதன்பொருட்டு நெய்யூர் மருத்துவமனையின் அருகே குழந்தைகளுக்கென ஓர் இல்லம் அமைத்தனர். பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண்மணி அதனைப் பேணினர். தோனாவூர் இல்லத்தில் குழந்தை வந்து சேர்ந்த நாளையே விழா நாளாகக் கொண்டாடினர். பிறந்த நாள் அறியாத பிள்ளைக்குத் தான் ஏற்கப்பட்ட நாளினும் சிறந்த நாள் வேறு யாதுளது?

இனிச் சட்டத்தின் நிலையைக் காண்போம். அக்காலத்து இந்து தரும சாஸ்திரப்படி சுவீகாரம் என்பது ஆண் ஒருவன் தன் குலம் விளங்க ஆண்மகவை ஏற்பதேயாம். கைம்பெண்ணாயினும் இறந்த கணவன்பொருட்டே ஏற்றல் கூடும். கிறிஸ்தவர்க்கோ தத்துச் சட்டமே இல்லை. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றம் ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வயது நிரம்பியதும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் அற்றுவிடும். வியப்பு யாதெனில், சென்னை மாகாணத்தில் மணமாகாத பெண் பெண்மகவைத் தத்தெடுக்கும் வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றது தேவதாசிகள் திறத்திலேயாம். எவ்வாழ்வினின்றும் சிறுமியரை மீட்க அம்மையார் முயன்றனரோ, அவ்வாழ்வினர்க்கு இருந்த உரிமை அவருக்கு இல்லாதிருந்தது.

ஆதலின் வழக்குகள் எழுந்தன. பிள்ளை பிடிப்பவர் என்ற பழிச்சொல் ஊரெங்கும் பரவிற்று. 1909-ஆம் ஆண்டில் அடைக்கலம் புகுந்த சிறுமி ஒருத்தியைக் குறித்து நெடுநாள் வழக்கு நடந்தது. 1911-ஆம் ஆண்டில் அவளைத் திரும்ப ஒப்புவிக்கவும், வழக்குச் செலவை அம்மையாரே செலுத்தவும் தீர்ப்பாயிற்று. ஆனால் சிறுமி மறைந்துவிட்டாள். அன்பர் சிலரின் துணையால் மாறுவேடம் பூண்டு, இலங்கை வழியாகச் சீன தேசம் சேர்ந்தது பின்னரே வெளியாயிற்று. மற்றொரு குழந்தையின் பொருட்டு, ஏழாண்டுச் சிறைக்கு இடமளிக்கும் கடத்தற் குற்றச்சாட்டு அம்மையார் மேல் எழுந்தது. 1914-ஆம் ஆண்டில் அது தள்ளுபடியாயிற்று. பெற்ற தாய்க்கு இத்தகைய அச்சம் இல்லை. பெறாத தாயோ கதவு தட்டப்படுந்தோறும் தன் பிள்ளையை இழக்க நேருமோ என்று நடுங்கினாள்.

அம்மையாரைக் குறையற்றவரெனக் கூறுதல் நம் நோக்கமன்று. நீதிமன்றத் தீர்ப்பு நிறைவேறாமற் போனதைச் சட்டம் கற்கும் மாணவர் எளிதில் ஒப்பார். பிள்ளைகளுக்குப் புதுப்பெயரிட்டுப் பிறந்த குடும்பத்தினின்றும் முற்றும் பிரித்து வளர்த்ததையும் பிற்காலத்தார் ஆராய்ந்து குறை கூறியுள்ளனர். பெற்றவள் ஒருத்தி எங்கோ அழுதிருக்கவும் கூடும். தாய்மையின் ஆவல், நீதியின் துணையின்றித் தனித்து நடக்குங்கால் இத்தகைய இடர்ப்பாடுகள் நேருமென்பதையும் இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

1918-ஆம் ஆண்டு முதல் ஆண்பிள்ளைகளையும் ஏற்றனர். முதலில் வந்தவன் பெயர் அருள். 1919-ஆம் ஆண்டில் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தபோது அதனைத் தயக்கத்தோடே ஏற்றனர், விழாவிற்குச் செல்லவில்லை. 1931-ஆம் ஆண்டில் ஒரு குழியில் தவறி விழுந்து காலொடிந்தபின், ஏறக்குறைய இருபதாண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே நூல்கள் எழுதியும் பிள்ளைகளைக் கண்காணித்தும் வாழ்ந்தனர். தாயகம் திரும்பாமலே 1951-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ஆம் நாள் காலமாயினர். கல்லறைக் கல் வேண்டாமென்று கூறியிருந்தமையால், பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீருண்ணும் தொட்டி ஒன்றை அமைத்து, அம்மை என்னும் ஒரு சொல்லையே பொறித்தனர்.

அவர் மறைவிற்கு முன்னரே, 1947-ஆம் ஆண்டில், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் ஒழிந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்துச் சுவீகாரச் சட்டம் மணமாகாத பெண்ணும் தன் பெயராலேயே தத்தெடுக்கலாமென்றது. கிறிஸ்தவர், முஸ்லிம் முதலிய பிறர்க்கு இளைஞர் நீதிச் சட்டம் 2000-ஆம் ஆண்டிலும், அதன் திருத்தம் 2006-ஆம் ஆண்டிலும் வழிதிறந்தன. 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதனை எல்லா மதத்தார்க்கும் பொதுவென உறுதி செய்தது. இன்று தனித்து வாழும் பெண் ஆண்மகவையோ பெண்மகவையோ ஏற்கலாம். தனித்து வாழும் ஆண் பெண்மகவை ஏற்றல் ஆகாது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையை ஏற்கத் தனியொருவர்க்கு நாற்பது வயதே எல்லை. சட்டத்தின் கதவு திறந்துளது. ஆயினும் கணவன் எங்கே, துணை யார், முதுமையில் குழந்தைக்கு யார் காவல் என்னும் வினாக்கள் இராயபுரத்துத் தெருவிலும் எண்ணூர்க் குடியிருப்பிலும் இன்றும் எழக்கூடியனவே.

அவ்வினாக்களுட் சில நியாயமானவை. குழந்தையின் நலம் கருதிக் கேட்கப்படுவன. சில வெறும் வழக்கத்தினின்று பிறந்தவை. இவ்விரண்டையும் பிரித்தறியும் நெஞ்சம் கல்வி கற்றார்க்கு வேண்டும். நம் அண்டை வீட்டில் ஒருத்தி தனியே ஒரு குழந்தையை ஏந்தி நிற்கும் நாளில் அவளை வினவுமுன், அக்குழந்தைக்கு நாம் யாது உறவாவோம் என்று நம்மையே வினவிக்கொள்வோமாக.