ஜான் ஸ்நோவும் இரண்டு குழாய்களும்

நான் புள்ளியியல் மாணவன், மருத்துவம் அறியேன். ஒன்றோடொன்று சேர்ந்து வருவதையெல்லாம் காரணம் என்று எழுதிச் சென்ற பருவத்தில் மதிப்பெண் இழந்தவன். ஜான் ஸ்நோவின் வாழ்க்கையைப் படித்த பிறகே என் பிழை எனக்கு விளங்கிற்று.

1813-இல் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஸ்நோ. மணம் புரியாதவர். 1853-இல் விக்டோரியா அரசியாரின் பேறுகாலத்தில் குளோரோபாரம் கொடுத்துப் புகழ் பெற்றார். அப்புகழோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ காலராவின் காரணத்தைத் தேடிப் போனார்.

கெட்ட காற்றே காலராவைத் தருகிறது என்பது அன்றைய மருத்துவர் பலரின் கொள்கை. தேம்ஸ் கரையின் தாழ்ந்த பகுதிகளில் சாவு மிகுதி என்று வில்லியம் ஃபார் கணக்கும் காட்டினார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அங்கே காற்றோடு குடிநீரும் கெட்டிருந்தது, வறுமையும் மிகுந்திருந்தது. பின்னிக் கிடக்கும் மூன்றில் எதைக் குற்றவாளி என்பது?

பின்னலைப் பிரிக்கத் தென் லண்டனில் வழி கிடைத்தது. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. லாம்பெத் கம்பெனி 1852 முதல் நகருக்கு மேற்புறம், சாக்கடை கலவாத இடத்தில் நீர் எடுத்தது. சதர்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி கழிவு கலந்த நீரையே தந்தது. அடுத்தடுத்த வீடுகள், ஒரே காற்று. ஏழையும் செல்வரும் இரு பக்கமும் இருந்தனர்.

1854-இல் காலரா வந்ததும், ஒருவர் துணையோடு, இறந்தோர் வீடுகளுக்கெல்லாம் நடந்தார். பலருக்குத் தம் கம்பெனியின் பெயரே தெரியவில்லை. (தண்ணீர் வரி கட்டுபவர் வீட்டுக்காரர் அல்லவா!) ஸ்நோ சளைக்கவில்லை. நீரைக் குப்பியில் பிடித்து வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார். சதர்க் நீரில் உப்பு ஏறத்தாழ 40 மடங்கு, கம்பெனி தெரிந்துவிட்டது. முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்குச் சதர்க்கில் 315 சாவு, லாம்பெத்தில் 37.

பலர் அப்போதும் ஏற்கவில்லை. 1858-இல், 45 வயதில் ஸ்நோ மறைந்தார். 1866-இல் மீண்டும் காலரா வந்தபோது, குடிநீரையே குற்றவாளியாகக் காட்டியவர் அதே வில்லியம் ஃபார்.