திருப்போரூரைப் புதுக்கிய சிதம்பர சுவாமிகள்

தொண்டை நாட்டின் கடற்கரையிலே, செங்கற்பட்டுக்கு வடகிழக்கிலும் மாமல்லபுரத்திற்கு வடமேற்கிலுமாக அமைந்திருப்பது திருப்போரூர். கீழ்பால் உப்பங்கழி, அதற்கப்பால் கடல், ஊரை அடுத்துப் பிரணவமலை என்னும் சிறு குன்று. முருகப்பெருமான் கடலிலே நின்று பொருத இடம் திருச்செந்தூர் என்றும், நிலத்திலே நின்று பொருத இடம் திருப்பரங்குன்றம் என்றும், விண்ணிலே நின்று தாரகனைப் பொருத இடம் இத்திருப்போரூர் என்றும் ஆன்றோர் கூறுவர். சமரபுரி, யுத்தபுரி என்னும் பெயர்களும் அதுபற்றியே எழுந்தன. 15-ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் இத்தலத்திற்குத் திருப்புகழ் பாடியுள்ளார். ஆகவே அவர் காலத்தில் இங்கே வழிபாடு சிறந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குள் கோயிலும் இல்லை, குடியிருப்பும் இல்லை, பனங்காடு ஒன்றே உண்டு என்னும் நிலை நேர்ந்தது. அந்தப் பனங்காட்டிலிருந்து திருக்கோயிலை மீட்டுத் தந்தவர் 17-ஆம் நூற்றாண்டிலே விளங்கிய சிதம்பர சுவாமிகள்.

சுவாமிகள் மதுரையம்பதியில் தோன்றியவர். சங்கப் புலவர் மரபில் வந்தவர் என்று அவர் வரலாறு கூறுவோர் சொல்வர். இளமையிலேயே தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்து, உலகியலில் மனம் பற்றாது, மெய்யுணர்வு நாடிப் புறப்பட்டார். அக்காலத்தில் திருப்பேரூர்ச் சாந்தலிங்க சுவாமிகளும், அவர்தம் மாணாக்கராய் அரச வாழ்வைத் துறந்து வந்த குமாரதேவரும் வீரசைவ நெறியிலே ஞானபானுக்களாய் விளங்கினர். மகாராசா துறவு, சுத்த சாதகம் முதலிய நூல்களை அருளிய அக்குமாரதேவரையே சிதம்பர சுவாமிகள் குருவாக அடைந்தார். விருத்தாசலத்திலே அவர் திருவடிக்கீழ் இருந்து நிட்டை பழகினார். சாந்தலிங்கர் அருளிய வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம், கொலைமறுத்தல், அவிரோத உந்தியார் என்னும் நான்கு நூல்களுக்கும் உரை கண்டவர் இவரே. மடங்களில் இன்றும் இந்நூல்களைப் பாடங்கேட்போர் இவருரையின் துணைகொண்டே பொருள் தெளிகின்றனர்.

இந்த இடத்திலே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். பொருளும் நிலமும் மனையும் பந்தமென்று விலக்குவது வைராக்கிய நூல். அதற்கு வரி வரியாக உரை வகுத்த துறவி, பிற்காலத்தில் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கணக்குப் பார்த்து, காணிக்கை ஏற்று, நிலம் பெற்று, கோபுரம் எடுப்பித்தார். இஃது எங்ஙனம் இயைந்தது? இவ்வினா அவர்தம் உள்ளத்திலும் எழுந்திருத்தல் கூடும். அதற்கு விடையாக அமைந்தது அவர் நிட்டையிலே கண்ட காட்சி.

ஒருநாள் நிட்டை கூடியிருந்தபோது அவருக்கு முன்னே மயிலொன்று தோகை விரித்து ஆடியது. அருவமாகிய பொருளை நாடிய உள்ளத்தில் உருவம் ஒன்று வந்து நின்றது ஏன் என்று அறியாமல் குருநாதரிடம் விண்ணப்பித்தார். குமாரதேவர் அதனை இடையூறென்று தள்ளினாரல்லர். மதுரைக்குச் சென்று அங்கயற்கண்ணி திருமுன்னிலே தவங்கிடந்து தெளிவு பெறுமாறு பணித்தார். அவ்வாறே சென்று 45 நாள் நோற்றிருந்த சுவாமிகளுக்கு அம்மை காட்சி தந்து, வடக்கே யுத்தபுரி என்னும் தலத்தில் முருகன் திருவுருவம் மறைந்து கிடக்கின்றது, அதனை வெளிப்படுத்திக் கோயில் எடுப்பிக்க என்று கட்டளையிட்டருளினாள் என்பது வழிவழி வந்த வரலாறு. மீனாட்சியம்மை கலிவெண்பா அந்நாளிலே எழுந்தது என்பர்.

வடதிசை நோக்கி நடந்து வந்த சுவாமிகள் திருப்போரூரை அடைந்தபோது கண்டது வேம்படி விநாயகர் சந்நிதியும், சுற்றிலும் அடர்ந்த பனைகளுமே. அவ்விநாயகரை வணங்கி நாள்தோறும் காட்டினுள் புகுந்து தேடினார். முடிவில் ஒரு பனையடியிலே கந்தசுவாமியின் திருவுருவம் வெளிப்பட்டது. அதனை எடுத்துவந்து, சிறு குடிலொன்று அமைத்து, அதனுள் எழுந்தருளச் செய்து, தாமே பூசனை புரியலானார்.

பழுதுற்ற கோயிலை எடுத்தலுக்கு ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்று பெயர் வைத்தன. உண்ட உணவு ஜீரணமாயிற்று என்று சொல்கின்றோமே, அதே ஜீர்ணந்தான். கரைந்து தேய்ந்தது என்பது பொருள். உத்தாரணம் என்றால் கீழே கிடப்பதைத் தூக்கியெடுத்தல். நம் முன்னோர் இதனைத் தமிழிலே புதுக்குதல் என்றனர். பிரதிட்டையிலும் வகை உண்டு. புதிதாகச் செய்வது ஆவர்த்தம். பூசையின்றி நெடுங்காலம் கிடந்தும் ஆற்றாலோ கடலாலோ அழிந்தும் போனதை மீண்டும் எடுப்பது அநாவர்த்தம். பூசை நடக்கும் கோயிலைப் பாலாலயம் செய்து பழுது நீக்கி, அட்டபந்தனம் சாத்திக் குடமுழுக்காட்டுவது புனராவர்த்தம். கள்வர் முதலியோரால் நேர்ந்த குற்றத்தைக் கழுவுவது அந்தரிதம். இக்காலத்துத் திருப்பணிகளிற் பெரும்பாலன புனராவர்த்தமே. கோயிலும் இருக்கும், அருச்சகரும் இருப்பர், விளக்கும் எரியும். சிதம்பர சுவாமிகளுக்கு வாய்த்ததோ அநாவர்த்தம். அறுந்துபோன கயிற்றின் ஒரு முனையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமுனையைத் தேடுவது போன்றது அது.

கல்லைத் தேடுவது எளிது. வழிபாட்டைத் தேடுவது அரிது. இதற்குச் சான்று அக்கடற்கரையிலேயே உள்ளது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபோது மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுப் பொறித்த பாறைகள் வெளிப்பட்டன. 2005-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்து, பல்லவர் காலத்துக் கட்டடத்தின் கீழே அதனினும் பழைய செங்கற்கோயில் இருப்பதையும், கல்லாலான வேலொன்றையும் கண்டனர். முருகன் கோயிலென்று துணிந்தனர். அரும்பெருஞ் செல்வம் அது. ஆயினும் இன்று அங்கே காண்போர் உண்டு. காலையில் திருக்கதவம் திறப்போர் இல்லை.

சுவாமிகள் இந்நுட்பத்தை நன்குணர்ந்தவர் என்பதற்கு அவர் பாடிய திருப்போரூர்ச் சந்நிதிமுறையே சான்று. 726 பாடல்கள் கொண்டது அந்நூல். அதிலே தாலாட்டு உண்டு, திருப்பள்ளியெழுச்சி உண்டு, ஊசல் உண்டு, தூது உண்டு. துயிலுதற்கும் எழுதற்கும் ஆடுதற்கும் வேண்டிய தமிழையெல்லாம் பெருமானுக்கு அவரே ஆக்கி வைத்தார். திருமயிலையிலே திருஞானசம்பந்தர் பூம்பாவையின் எலும்பைப் பெண்ணுருவாக்கியபோது, அப்பதிகத்தில் மாதந்தோறும் நிகழும் விழாக்களையே பாட்டுக்கு ஒன்றாக எடுத்துரைத்து அழைத்தார். அதே கடற்கரையில், சுவாமிகளும் நாள்வழிபாட்டையும் விழாவையும் தமிழால் அமைத்தே காட்டைக் கோயிலாக்கினார்.

சுவாமிகள் அளித்த திருநீற்றால் பிணி நீங்கப்பெற்றோர் நாளடைவில் பெருகினர். அவர்கள் தந்த காணிக்கையே திருப்பணிக்கு முதலாயிற்று. பழைய கோயிலின் அமைப்பைப் பெருமானே உணர்த்தியருள, அவ்வண்ணமே கருவறையும் மண்டபமும் மதிலும் எழுந்தன என்பர். அக்காணிக்கையைக் கவரவந்த கள்வர் கண்ணொளி இழந்து தடுமாறிப் பின்பு சுவாமிகளிடம் பணிந்தனர் என்றும், சுவாமிகள் அவரை ஒறுக்காமல் பார்வை பெறச் செய்தார் என்றும், அவர்கள் தாம் பிறரிடம் கவர்ந்து வைத்திருந்த பொருளையும் திருப்பணிக்கே ஈந்தனர் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. கொலைமறுத்தலுக்கு உரை கண்டவர்க்கு அந்தக் கருணை இயல்பே.

திருவுருவம் தானே தோன்றியதாதலின் அதற்கு நேரே அபிடேகம் செய்தல் வழக்கமில்லை. புனுகு சாத்துவதே முறை. அபிடேகம் முதலியன நிகழ்தற்பொருட்டுச் சுவாமிகள் ஆமை வடிவான பீடத்தின்மேல் சக்கரம் ஒன்றைத் தாபித்தார். இன்றும் அபிடேகம் அச்சக்கரத்திற்கே நடைபெறுகின்றது. பழையதைத் தொடாமல் காத்து, பூசையும் குறையாமல் நடக்க வழி கண்ட இச்செயல் திருப்பணி செய்வோர் ஊன்றி நோக்கத்தக்கது. பழமையைப் புதுக்குகின்றோம் என்று பழமையையே பெயர்த்தெறியும் அவசரம் அவரிடம் இல்லை.

திருப்பணி நிறைவெய்திய பின்பும் சுவாமிகள் கோயிலினுள்ளே தமக்கென இடம் வகுத்துக் கொண்டாரல்லர். ஊருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள கண்ணகப்பட்டிலே மடம் அமைத்து அங்கிருந்தே கோயிலைப் பேணினார். பஞ்சாதிகார விளக்கம் முதலிய நூல்களையும் அருளினார். வைராக்கியத்திற்கும் திருப்பணிக்கும் அவர் கண்ட இயைபு இதுவாதல் வேண்டும்.

ஒரு வைகாசி விசாகத்தன்று கண்ணகப்பட்டு மடத்தில் சமாதிக் குகையினுள் அவர் புகுந்தார். அதே வேளையில் திருப்போரூர்ச் சந்நிதியில் அவர் கருவறை நோக்கிச் சென்று ஒளியிற் கலந்ததை அன்பர்கள் கண்டனர் என்று கூறுவர். கந்தசுவாமி திருக்கோயிலிலே அவர்க்குத் தனிச் சந்நிதி உண்டு. வைகாசி விசாகந்தோறும் குருபூசை நடைபெறுகின்றது.