வேதநாயக சாஸ்திரியார் வாழ்வில் அருளுரையின் வடிவும் பொருளும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியராக மட்டுமே இடம்பெறுகிறார். (மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரை மயங்கக் கொள்வாரும் உளர்.) அவர் தம்மைக் கவிஞராக மட்டும் கருதியவர் அல்லர். சுவிசேஷத்தைத் தமிழ் மக்களின் செவிக்குக் கொண்டுசேர்ப்பதையே தம் தொழிலாகக் கொண்டவர். அத்தொழிலில் வடிவம் எது, பொருள் எது என எழுந்த வழக்கே அவருடைய பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தவர் ஜெர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்சு ஐயர். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி அவருடன் பயின்றவர். தரங்கம்பாடியில் இறையியலோடு வானியல், உடலியல் முதலியவற்றையும் கற்ற சாஸ்திரியார், இருபது வயது நிரம்பும் முன்னரே தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

1800-இல் இயற்றப்பெற்ற பெத்லகேம் குறவஞ்சி அவருடைய அணுகுமுறையை நன்கு காட்டுகிறது. தலைவனைக் கண்டு காதலுறும் குறவஞ்சித் தலைவி இங்குத் திருச்சபையாகிய தேவமோகினி. தலைவன் பெத்லகேமின் இயேசு. பறவை பிடிக்கும் படலம் ஆன்மாக்களை ஈர்க்கும் பணியின் உருவகமாகிறது. கோப்பர்நிக்கசு வழிவந்த வானியற் செய்திகளும் இந்நூலில் இடம்பெறுகின்றன. கோயிலிலும் அரசவையிலும் வழங்கிய வடிவம் புதிய சமயத்தின் பொருளை ஏற்குமா என்னும் ஐயம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இராகமும் தாளமும் கதைப்போக்கும் கலந்த அவரது காலட்சேபம், எழுத்தறியாதார்க்கும் அருளுரையாய் அமைந்தது.

சுவார்ட்சு 1798-இல் மறைந்தார். அடுத்த தலைமுறையில் வந்த மறைப்பணியாளர்களுக்கு இப்போக்கு உவக்கவில்லை. 1820-களில் முற்றிய பூசலில் சாஸ்திரியார் அவர்கள் மீது நான்கு குற்றங்களைச் சுமத்தினார்: வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துதல், சாதி வேற்றுமையை அழிக்க முற்படுதல், விழாக்களில் மலர்களை விலக்குதல், வழிபாட்டில் தமிழிசைப் பாடல்களைத் தடுத்தல். 1829-இல் அவர் பணியிழந்தார். சரபோஜி மன்னர் ஆதரவளித்தார்.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்ததுதான் இங்கு நின்று நோக்கத்தக்கது. மலரும் இசையும் புறவடிவங்கள். அவற்றை விலக்கியோர் தம் ஐரோப்பியப் பழக்கத்தையே சமயத்தின் சாரமாகப் பிழைபடக் கொண்டனர் என்பதில் அவர் பக்கம் நியாயமுண்டு. மொழிபெயர்ப்புச் சிக்கல் சற்றே வேறுபட்டது. பப்ரிசியசின் மொழி மூலத்தை ஒட்டி இறுக்கமாக நடப்பது. இரேனியசு தமிழ்ப்போக்குக்கு இசைந்த எளிய நடையை நாடினார். குறவஞ்சி பாடிய கவிஞர் இவ்விடத்தில் பழைய நடையின் பக்கம் நின்றது வியப்பளிக்கிறது. தலைமுறைகளாகக் காதில் ஊறிய சொற்கள் அவருக்கு வெறும் நடையாகத் தோன்றவில்லை போலும்.

சாதிச் சிக்கலில் அவருடைய வாதம் இடறுகிறது. வேளாளரும் தாழ்த்தப்பட்டோரும் ஆலயத்தில் தனித்தனியே அமர்வதை அவர் உலகியல் வழக்கு என்றே கொண்டார். ஆன்ம மீட்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அவர் நிலைப்பாடு. அதாவது, மலரைப்போல அதுவும் ஒரு புறவடிவம். ஆனால் ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிரும் திருவிருந்தில் சேர்ந்திருத்தலே பொருள். அங்கு அமரும் முறையை வடிவமென்று ஒதுக்க இயலாது. தனியே அமர்த்தப்பட்டவர்கள் இதைப்பற்றி என்ன கருதினர் என்பது சாஸ்திரியாரின் வாதத்தில் ஒரு வினாவாகவே எழவில்லை. அவரைப் போற்றும் வரலாறுகளும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. சாதியை விலக்க வேண்டுமென ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்த பின்னும் சாஸ்திரியார் தம் நிலையினின்று மாறவில்லை.

மதுரை அமெரிக்க மிஷன் சாதி ஒழிப்பில் கடுமை காட்டிய அமைப்பு. அதைச் சார்ந்த எட்வர்டு வெப் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, முதுமையடைந்திருந்த சாஸ்திரியாரின் பாடல்களையும் அதில் சேர்த்தார். இசையை ஏற்ற அந்த மிஷன் இருக்கை வேற்றுமையை ஏற்கவில்லை.