தேயிலை தந்த டெய்லரும் மலையகத்தின் பருவகாலமும்

நானுஓயா புகையிரத நிலையத்தில் இறங்குபவரை முதலில் வரவேற்பது மூடுபனியே. ஐயாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள இந்நிலையத்தைச் சூழ்ந்து, பார்க்கும் திசையெங்கும் தேயிலை மலைகள் விரிகின்றன. மே மாதம் தொட்டுத் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை. தை, மாசி மாதங்களில் வரண்ட குளிர்காற்று. சில விடியற்காலைகளில் கொழுந்தைக் கருக்கும் துகள் உறைபனி. எவ்வளவு கொழுந்து பறிக்கப்படும், எத்தனை நாட்கள் வேலை கிடைக்கும் என்பதைத் தோட்ட நிர்வாகத்துக்கு முன்னரே வானம் தீர்மானித்துவிடுகிறது. இந்தப் பயிரை இலங்கை மண்ணில் வணிக ரீதியாக நிலைநிறுத்தியவர் ஜேம்ஸ் டெய்லர். அவரது வாழ்க்கையை நினைவுகூர்வது மலையக மக்களின் வரலாற்றையும் நினைவுகூர்வதாகும்.

1835ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் எளிய குடும்பமொன்றில் பிறந்த டெய்லர், 1852இல், பதினேழு வயதும் நிரம்பாத இளைஞராக இலங்கை வந்து சேர்ந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டமே அவரது பணிக்களமாயிற்று. இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் அங்கேயே வாழ்ந்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பிச் செல்லவில்லை. தந்தைக்கு அவர் எழுதிய கடிதங்கள் அக்கால மலைநாட்டு வாழ்க்கைக்குச் சான்றாக இன்றும் பேணப்படுகின்றன.

அவர் வந்தபோது மலைநாடு முழுவதும் கோப்பி மயமாக இருந்தது. கோப்பிப் பழம் ஆண்டின் குறிப்பிட்ட சில மாதங்களில் மட்டுமே பறிக்கப்படும். ஆதலால் தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகும் மக்களாகவே அவர்கள் இருந்தனர்.

1867இல் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பியே பொன் விளைவித்த காலத்தில் அது ஒரு பரிசோதனை மட்டுமே. ஆனால் இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் தென்பட்டன. இலைத்துரு நோய் என அறியப்பட்ட அந்தப் பூஞ்சணத்தின் வித்துக்கள் ஈரம் படிந்த இலையிலேயே முளைப்பவை. அவற்றைக் காற்று சுமந்து சென்றது. மழை அவற்றுக்கு ஈரம் தந்தது. மலைநாட்டுக்கு வளமூட்டிய அதே பருவப்பெயர்ச்சி, இடைவெளியின்றி ஒரே பயிர் நடப்பட்ட மலைகளில் நோயின் வாகனமாயிற்று. சுமார் இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் குடை சாய்ந்தது.

இந்த அழிவுக்கு மத்தியில் டெய்லரின் பரிசோதனை கைகொடுத்தது. தமது வீட்டு விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டி, கரியடுப்பில் உலர்த்தித் தூள் தயாரிக்கத் தொடங்கிய அவர், 1872இல் தொழிற்சாலையொன்றை அமைத்தார். 1873இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட தேயிலை வெறும் 23 இறாத்தல். 1890இலோ இலங்கையின் ஆண்டு உற்பத்தி இருபதாயிரம் தொன்னைக் கடந்தது. 1885இல் நானுஓயாவைப் புகையிரதம் எட்டியதும், தவளக்காரரின் பொதிமாடுகளும் மாட்டு வண்டிகளும் பல நாட்கள் இழுத்த பாரம் விரைவாகக் கொழும்பை அடையலாயிற்று.

தேயிலையின் வெற்றிக்குக் காலநிலையே அடிப்படை. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மேற்குச் சரிவுகளுக்கும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி ஊவாப் பக்கத்துக்கும் பெருமழை தருகின்றன. ஒரு சரிவு நனையும்போது மறுசரிவில் வரண்ட காற்று வீசுகிறது. திம்புள்ள, நுவரெலியா பகுதிகளில் ஆண்டின் முதல் மாதங்களிலும், ஊவாவில் கச்சான் வீசும் ஆடி, ஆவணியிலும் மணமிக்க தேயிலை கிடைப்பது இதனாலேயே. மழை குன்றினால் கொழுந்து குன்றும். ஆயினும் கோப்பியைப்போல ஒரே பருவத்தை நம்பிய பயிரன்று இது. ஆண்டு முழுவதும், ஏறக்குறைய வாரமொருமுறை, கொழுந்து பறித்தாக வேண்டும்.

இங்கேதான் நம் மக்களின் வரலாறு திசை திரும்பியது. ஆண்டு முழுவதும் பறிக்கும் பயிருக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு லயங்களில் குடியேற்றப்பட்டன. வந்து போன மக்கள் வாழ வந்த மக்களானார்கள். அவ்வாறு வேரூன்றியவர்களைத்தான் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது என்பதை மறத்தலாகாது.

டெய்லரின் முடிவும் இனிதாக அமையவில்லை. தேயிலைத் தொழில் செழித்து வளர்ந்துகொண்டிருந்த வேளையிலேயே தோட்டத்தைவிட்டு விலகுமாறு நிர்வாகம் அவரைப் பணித்தது. அவர் இணங்கவில்லை. 1892 மே 2ஆம் திகதி லூல்கந்துரவிலேயே நோயால் காலமானார். அவரது உடல் கண்டி மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வாழ்நாள் முழுவதும் உழைத்த மண் தமக்குச் சொந்தமன்று என்பதை அவரும் இறுதியில் உணர நேர்ந்தது.

அவரது வாழ்க்கை தரும் பாடம் தெளிவானது. காலநிலையைக் கணிக்காத ஒற்றைப் பயிர் ஒரு தலைமுறைக்குள் அழியலாம். காலந்தவறிய மழையும் நீளும் வரட்சியும் இன்று தேயிலையையும் சோதிக்கின்றன. கொழுந்து குறையும் நாட்களில் அரைப்பேர் போடப்படுவதால் முதலில் ஒடுங்குவது தொழிலாளியின் அடுப்பே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நிகழ்ந்த மண்சரிவுகள், சரிவுகளில் அமைந்த லயங்களின் ஆபத்தை மீண்டும் உணர்த்தின. பாதுகாப்பான காணியும் சொந்த வீடும், மழை பொய்த்தாலும் குறையாத வருமானமும் அம்மக்களுக்கு உறுதி செய்யப்பட வேண்டும். டெய்லருக்குக் கண்டியில் கல்லறை உண்டு. அவரோடு மலைகளைத் திருத்தியவர்களுக்கு அடையாளக் கல்லும் இல்லை. அவர்களின் சந்ததியினருக்கேனும் நிலம் கிடைப்பதே உண்மையான நினைவஞ்சலியாக அமையும்.